வெட்டப்பட்ட நான்கு நிமிடங்கள்

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மதியம் நாங்கள் ஆறு பேர் அடையாற்றில் ஒரு ஃபிளாட்டில் கூடுவோம். ஆளுக்கு ஒரு பழைய கச்சேரி ஒலிப்பதிவு கொண்டுவர வேண்டும். இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது. கேட்டு முடித்த பிறகுதான் பேச்சு. வீட்டுக்காரர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றுவதற்கென்றே ஒரு தனி அறை வைத்திருக்கிறார். நான் இயற்பியல் வாத்தியாராக இருந்தவன். காலையில் சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு அங்கே வருகிறவன் நான் ஒருவன்தான். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறையாவது யாராவது, “உங்களுக்கு எப்படி சார் இதுல இவ்வளவு ஈடுபாடு?” என்று கேட்டுவிடுவார்கள்.

என் அக்காதான் அதற்குக் காரணம். பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் வயலின் கற்றுக்கொண்டவள், பிறகு மயிலாப்பூரில் ஒருவரிடம் கர்நாடக சங்கீதம் படித்தாள். ஒரு டிசம்பரில், நன்றாகப் பேரெடுத்திருந்த ஒரு பாடகருக்கு வயலின் வாசிக்க வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட, கடைசி நேரத்தில் அக்காவைக் கூப்பிட்டார்கள். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, மடியில் துண்டுக்கு அடியில் ஒரு சின்ன டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்தேன். பாடகர் காம்போதி ஆலாபனையை முடித்ததும் அக்கா நான்கு நிமிடம் தனியாக வாசித்தாள். அதற்கப்புறம் அந்த மாதிரி மேடை அவளுக்குக் கிடைக்கவில்லை. அவள் கணக்கு டீச்சர் ஆனாள். வயலின் பீரோவுக்கு மேலே போயிற்று.

அந்த கேசட்டைப் பல வருஷம் நான் போட்டுக்கூடப் பார்க்கவில்லை, அறுந்துவிடுமோ என்ற பயம்தான். போன வருஷம் ஏதோ பேச்சுவாக்கில் அதைப் பற்றிச் சொன்னேன். வீட்டுக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

“அவரோட காம்போதியா? அந்தக் காலத்துப் பதிவு ஒண்ணுகூட வெளியில இல்லையே சார்! எங்கிட்ட குடுங்கோ, பக்குவமா ஏத்தித் தரேன்.”

கொடுத்தேன். வாசிப்பது என் அக்கா என்றும் சொன்னேன். தலையாட்டினார். சொன்னேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த கூட்டத்தில் அவரே அதைப் போட்டார். இரைச்சல் போய், குரல் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல் இருந்தது. ஆலாபனை மேலே போய், நின்று, மெல்ல இறங்கி முடிந்தது. கைதட்டல் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பாட்டு ஆரம்பித்துவிட்டது.

ஏதோ தவறாகத் தள்ளிவிட்டார் என்று நினைத்தேன். பாட்டு முடியும்வரை வாயைத் திறக்கவில்லை, அதுதானே விதி. முடிந்ததும் மற்றவர்கள் தொடங்கிவிட்டார்கள். இது எந்த வருஷத்துக் கச்சேரி, ஸ்ருதி ஒன்றரைக் கட்டையா அல்லது மெஷின் வேகமாக ஓடியதா, இந்தப் பிடி அவர் குருவிடமிருந்து வந்ததா என்று பெரிய வாக்குவாதம். ஆலாபனைக்கும் பாட்டுக்கும் நடுவில் வயலின் வரவில்லையே என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நாற்பது வருஷமாகக் கச்சேரி கேட்கிற காதுகள்!

“நடுவுல வயலின் எங்கே சார்?” என்றேன்.

“அதுவா? எடுத்துட்டேன். கொஞ்சம் கிறீச்சுனு இருந்தது. அதோட, எல்லாருக்கும் அனுப்பணும்னா ஃபைல் சின்னதா இருக்கணுமோல்லியோ? குரல்தானே சார் முக்கியம்!”

“அது என் அக்கா.”

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். “அடடா, மறந்தே போயிட்டேன் சார்” என்றார். காப்பியில் சர்க்கரை போட மறந்தவர் சொல்வதுபோல் இருந்தது.

“சரி, வெட்டாத ஃபைலைக் குடுங்க.”

“அது மேலேயே சேவ் பண்ணிட்டேனே.”

“கேசட்?”

உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தார். கேசட்டிலிருந்து நாடா வெளியே வந்து கொத்தாகக் கசங்கிக் கிடந்தது. ஒரு தடவை நன்றாக ஓடியதாம். சரிபார்க்க இரண்டாம் தடவை போட்டபோது மெஷினில் மாட்டிக்கொண்டதாம். “அதான் ஏத்தியாச்சேன்னு விட்டுட்டேன்” என்றார்.

நான் கத்தியிருக்க வேண்டும். கவரை வாங்கிக்கொண்டு, “பரவாயில்ல சார்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். அந்தப் பரவாயில்லையை நினைத்தால் இன்றும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

தேனாம்பேட்டையில் ஒரு சந்துக்குள் பழைய ரேடியோ, டேப் ரெக்கார்டர் பழுதுபார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். கவரைத் திறந்து பார்த்தார்.

“இன்னா சார், இடியாப்பம் மாதிரி கீது?”

“ஏதாவது பண்ண முடியுமா?”

“முழுசா வராது. கசங்காத துண்டா பாத்து ஒட்டித் தரேன். வந்த வரைக்கும்தான், அப்பால என்னைக் கேக்கக் கூடாது.”

பத்து நாள் கழித்துப் போனேன். வேறொரு கேசட் கூட்டில் நாடாவைச் சுற்றி வைத்திருந்தார். அக்காவின் நான்கு நிமிடத்தில் ஒன்றரை நிமிடம் தேறியது. அதிலும் ஸ்ருதி அங்கங்கே அலைந்தது, தண்ணீருக்குள்ளிருந்து வாசிப்பதுபோல. கடை வாசலில் நின்று போனில் பதிவு செய்துகொண்டேன். பஸ் ஹாரனும் அதில் விழுந்துவிட்டது.

நேராக தியாகராய நகரில் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற்றும் டியூஷனை விடவில்லை. நடந்ததைச் சொல்லி, போனை அவள் காதருகே வைத்தேன். பேனாவைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

“இது போனதே நல்லது” என்றாள்.

“என்னக்கா சொல்ற?”

“மேல் ஷட்ஜத்துல எனக்கு ஸ்ருதி சேரலடா. கொஞ்சம் கீழே நின்னுட்டேன். அவர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாரு. உனக்குத் தெரியாது, நீ மடியில மெஷினைப் பாத்துட்டு இருந்த. அந்த மனுஷன் கிறீச்சுனு இருந்துச்சுன்னு சொன்னது சரிதான்.”

“நாலு நிமிஷத்துல ஒரு இடம்! அதுக்காக மொத்தத்தையும் வெட்டலாமா?”

“நீ யாருக்காக இப்படிக் கோவப்படற? எனக்காகவா? நான் உன்கிட்ட கேட்டேனா?”

அவள் கோபப்படுவாள், இரண்டு பேரும் சேர்ந்து அந்த ஆளைத் திட்டலாம் என்று எண்ணிக்கொண்டே பஸ்ஸில் வந்திருந்தேன். அவள் அடுத்த தாளை எடுத்தாள். தலைகீழாக இருந்த வரைபடம் ஒன்றைப் பார்த்து முணுமுணுத்தாள்.

இரண்டு மாதத்தில் அந்த வெட்டிய ஃபைல் ஊரைச் சுற்றிவிட்டது. எங்கள் பங்குக் கோயில் வாட்ஸ்அப் குழுவிலேயே யாரோ, ‘அபூர்வ ஒலிப்பதிவு, தவறாமல் கேளுங்கள்’ என்று அனுப்பியிருந்தார். கீழே பாடகரின் பெயர், மிருதங்கக்காரரின் பெயர், ‘ஒலி சீரமைப்பு’ என்று வீட்டுக்காரரின் பெயர். நான் உட்கார்ந்து, வயலின் வாசித்தது யார், அந்த நான்கு நிமிடம் என்ன ஆனது என்று நீளமாக எழுதினேன். இரண்டு பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். ஒருவர் காலை வணக்கம் சொன்னார்.

அன்று மாலையே அக்கா போன் செய்தாள். குழுவில் யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

“என் பேரை எதுக்கு அங்க போட்ட? அதை முதல்ல எடு.”

எடுத்தேன். போனை வைக்கப் போனவள், “அந்தத் துண்டை எனக்கு அனுப்பு” என்றாள்.

“நல்லா இல்லைன்னியே?”

“அனுப்புன்னா அனுப்பேன்.”

அனுப்பினேன். நீலக் குறி உடனே வந்துவிட்டது. ஒரு வாரம் காத்திருந்துவிட்டு நானே கேட்டேன்.

“கேட்டியாக்கா?”

“கேட்டேன். பஸ் சத்தம்தான் பெரிசா இருக்கு” என்றாள். பிறகு, தண்ணீர் லாரி நாலு நாளாக வரவில்லை என்று சொல்லத் தொடங்கினாள்.