ஆதரவு யாரும் இல்லையாம்

பெரியண்ணனைப் பத்திச் சொல்லணும்னா முதல்ல அந்த மனுசன் முதுகைப் பத்திச் சொல்லணும். துறையூர்ப் பக்கத்துலேருந்து பொழைக்க வந்து, மலைக்கோட்டைக் கடைத்தெருவுல நாப்பது வருசம் மூட்டை தூக்கின முதுகு. கல்யாணம் காட்சி இல்லை, ஒத்தக்கட்டை. ஒரு நாள் மிளகா மூட்டையோட விழுந்தாரு, அப்புறம் நிமிரவே இல்லை. ஸ்ரீரங்கத்துல எங்க வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டாயிலதான் குடியிருந்தாரு.

நான் வாசல்ல இட்லிக் கடை போட்டிருந்தேன். காலையில நேரா உள்ள வந்து அடுப்புக்கிட்ட உக்காந்து, "போடு தாயி"ம்பாரு. போடுவேன். மத்தியானம் எதிர்வீட்டு ரோஷன் பேகம் சோறு குடுத்துவிடுவா. இதுல பெருமை என்ன இருக்கு? கண்ணு முன்னால ஒருத்தன் பட்டினி கிடந்தா நமக்கு இறங்குமா?

ஆனா கொட்டாய்க்காரன் சோத்துக்கு மசியறவன் இல்லை. வாடகை குடுக்க முடியலைன்னா ஆடியோட காலி பண்ணிடுன்னுட்டான். அந்த வருசம்தான், அறுபத்திரெண்டுல, ஆதரவில்லாத கிழடுகளுக்குச் சர்க்கார் மாசம் இருபது ரூபா பென்சன் குடுக்கப்போகுதுன்னு பேச்சு வந்துச்சு. அது வந்தா மனுசன் தலைக்கு மேல கூரை தங்கும்.

அவரை பஸ்ல ஏத்திக்கிட்டு தாலுகா ஆபீசுக்குப் போனேன். வாசல்ல மனு எழுதற அருள்நாதன், "ஆதரவு யாரும் இல்லை"ன்னு எழுதிப் படிச்சுக் காட்டினாரு. பெரியண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தாரு.

"நீ இருக்கியே தாயி?"

"அது வேற, இது வேற. பேசாம கைநாட்டு வைங்கண்ணே"ன்னேன். எது வேறன்னு எனக்கும் தெரியாது.

ஒரு மாசம் கழிச்சு, ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்து விசாரிப்பாருன்னு தகவல் வந்துச்சு. பெரிய உத்தியோகஸ்தர் வர்ற இடத்தை அப்படியே விடலாமா? கொட்டாயைச் சாணி போட்டு மெழுகினேன். ரோஷன் பேகம் தன் வீட்டு நாற்காலியைத் தூக்கியாந்து போட்டா. என் வீட்டுக்காரர் சலவை வேட்டியைப் பெரியண்ணனுக்குக் கட்டிவிட்டேன். பித்தளை டம்ளர்ல காபி குடுத்தோம். இன்ஸ்பெக்டர் குடிச்சு முடிச்சு, "சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க பெரியவரே?"ன்னு கேட்டாரு.

"எனக்கென்ன குறை சாமி? காலையில இந்தத் தாயி, மத்தியானம் அந்தத் தாயி. பெத்த பிள்ளைகூட இப்படிப் பார்க்காது"ன்னாரு நம்மாளு.

நாங்க ரெண்டு பேரும் பூரிச்சுப்போய் நின்னோம், அறிவு கெட்ட ஜென்மங்க. மனு தள்ளுபடியாயிடுச்சு.

அருள்நாதன் தலையில அடிச்சுக்கிட்டாரு. யாராச்சும் சோறு போட்டா பென்சன் கிடையாதாம். தானே சம்பாதிச்சாலும் கிடையாதாம். "அப்ப எதையும் தின்னாம உயிரோட இருக்கிறவனுக்குத்தான் குடுப்பாங்களா?"ன்னு கேட்டேன். "என்னைக் கேட்டா? மறுபடி மனு போடுங்கம்மா"ன்னாரு. போட்டோம். கொட்டாய்க்காரன் கையில கால்ல விழுந்து தவணையும் வாங்கினேன்.

ரெண்டாம் தடவை வேற ஆபீசர் வந்தாரு. நாற்காலியும் இல்லை, காபியும் இல்லை. என்ன கேட்டாலும் நான் பேசிக்கிறேன், நீங்க வாயைத் திறக்கக் கூடாதுன்னு பெரியண்ணன்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருந்தேன். ஆபீசர் நேரா என்னைத்தான் கேட்டாரு.

"நீங்க இவருக்கு என்னம்மா வேணும்?"

"ஒரு உறவும் இல்லை சார். யாரோ எவரோ. நாங்க எதுவும் குடுக்கறதில்லை, எங்க பாடே இழுபறி"ன்னேன்.

அவரு அதை எழுதி, வாசிச்சுக் காட்டி, என் கைநாட்டை வாங்கிக்கிட்டாரு. அவரு போனதும் நான் சிரிச்சேன். பெரியண்ணன் தரையையே பார்த்துக்கிட்டிருந்தாரு. முதுகு வலிக்குதாக்கும்னு நினைச்சேன்.

பங்குனியில தபால்காரர் இருபது ரூபா மணியார்டர் கொண்டாந்தாரு. கொட்டாய் தங்கிடுச்சு. எனக்கே பணம் வந்த மாதிரி சந்தோசப்பட்டேன்.

மறுநாள் காலையில அவரு உள்ள வரலை. எட்டிப் பார்த்தா, இட்லி வாங்க வந்த ஆளுங்களோட வாசல்ல குத்த வச்சு உக்காந்திருக்காரு. முறை வந்ததும் காசை நீட்டி, "நாலு இட்லி குடுங்கம்மா"ங்கிறாரு.

"என்னண்ணே இது கூத்து? உள்ள வாங்க."

"வேணாம்மா. நீங்க கைநாட்டு வச்சிருக்கீங்க. நான் சும்மா தின்னா உங்க வார்த்தை பொய்யாயிடும். நாளைக்கு உங்களைத்தான் பிடிப்பாங்க."

எனக்கு வந்த கோவத்துல அத்தனை பேர் முன்னாடியும் கத்திட்டேன். "அது சும்மா சொன்னதுண்ணே! உங்களுக்காகத்தான் சொன்னேன்!"

அவரு முழிச்சாரு. "சும்மா சொன்னதுக்கா சர்க்கார் பணம் குடுக்குது?"ன்னு கேட்டாரு. குத்திக்காட்டலை, நிசமாவே தெரியாமத்தான் கேட்டாரு.

பின்னால நின்னவங்க அவசரப்படுத்தினாங்க. காசை வாங்கிட்டு நாலு இட்லி வச்சேன்.

அதுக்கப்புறம் ஆறு வருசம் உயிரோட இருந்தாரு. ஒரு நாள்கூட என் கையால சும்மா ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கலை.