கேழ்வரகுப் பானையில் இருந்த பொட்டலம்

எங்கள் நைனா உத்திரமேரூர் ரைஸ் மில் முதலாளியின் கார் டிரைவர். அந்தக் காரில் ஸ்டீயரிங்கை அரைச் சுற்று திருப்பிய பிறகுதான் சக்கரத்துக்குச் சேதியே போகும். நைனாவைத் தவிர வேறு யார் உட்கார்ந்தாலும் வண்டி நேராக வயலில் இறங்கிவிடும். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே அதனால்தான். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. ஆறு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் நைனாவுக்கு மறதி அதிகம் என்பதுதான். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டே வீடு முழுக்கத் துண்டைத் தேடுவார்.

பட்டணத்தில் படித்துவிட்டு வந்த சின்ன முதலாளிக்குத் தானே கார் ஓட்ட ஆசை. முதல் நாளே சாலவாக்கம் ரோட்டில் வாய்க்காலுக்குள் விட்டார். சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனைகள் தேய்ந்துவிட்டன என்று யாரோ சொல்ல, மெட்ராஸிலிருந்து புதிது வரவழைத்து, பொட்டலத்தோடு நைனாவிடம் கொடுத்தார்.

"மெக்கானிக் எதுக்கு சின்னய்யா? வூட்டாண்டயே மாத்திடறேன்" என்றார் நைனா.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் வாசலில் கார் ஜாக்கியின் மேல் நின்றது. நைனா அடியில் படுத்துக்கொண்டு எதையோ தட்டினார், முடுக்கினார், முகமெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தார். சாயங்காலம் அம்மா கேழ்வரகு எடுத்துவரச் சொன்னாள். பானைக்குள் கையை விட்டால், பிரிக்காத பொட்டலம்! சரிதான், பத்திரமாக வைத்துவிட்டு மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் சின்ன முதலாளி வந்து வண்டியை எடுத்தார். பத்தடி போவதற்குள் அது எதிர்வீட்டு வைக்கோல் போரில் முட்டியது.

"புதுசு போட்டும் ஆடுதே?"

"அது வண்டியோட கொணங்க. கை பயகணும்" என்றார் நைனா. அவர் குரல் ஏன் அப்படி இறங்கியது என்று எனக்குப் புரியவில்லை. பாவமாக இருந்தது. உள்ளே ஓடிப் பொட்டலத்தை எடுத்து வந்தேன்.

"நைனா, மாட்ட மறந்துட்டியே! இத்த பாரு, பானையில இருந்திச்சி!"

பொட்டலத்திலிருந்து கேழ்வரகு உதிர்ந்தது. நைனா என்னைப் பார்த்தார். சின்ன முதலாளி நைனாவைப் பார்த்தார். அம்மா கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். காணாமல் போன பொருள் கிடைத்தால் இப்படியா நிற்பார்கள்?

சின்ன முதலாளி அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் கண்ணெதிரில் நைனா புதியதை மாட்டினார். பிறகு வண்டி நூல் பிடித்தது போல் ஓடியது.

"இனிமே நானே ஓட்டிக்கிறேன். நீ வர வேணாம்" என்று நைனாவிடம் சொன்னவர், கிளம்பும்போது என் கன்னத்தைத் தட்டி, "கெட்டிக்காரி" என்றார்.

கார் தெரு முனை திரும்பியதும் அம்மா துடைப்பத்தோடு வந்தாள். நைனா குறுக்கே நின்றார்.

"கொயந்தய அடிக்காத. நல்லது பண்ணிட்டோம்னு நெனச்சிக்கினு கீது."

நல்லதுதானே செய்தேன்? எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. சின்ன முதலாளி என்னைக் கெட்டிக்காரி என்று சொன்னது நைனாவின் காதில் விழவில்லை போலிருக்கிறது. கிட்டே போய், அவர் கையைப் பிடித்து இழுத்து, அதை இன்னொரு தடவை சொன்னேன்.