ஒரு துணைக்காலும் ஒரு ‘ன’வும்

அன்று காலை செஞ்சிக் கூட்டு ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, எதிரில் கட்டியிருந்த பேனரை நிமிர்ந்து பார்த்ததுமே கோபத்தில் பையைத் துழாவிக் கைபேசியைத் தேட ஆரம்பித்துவிட்டேன். ‘உலக மயானமாதலும் உலகப் பொருளாதாரமும்: ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு. சேர்க்கை நடைபெறுகிறது’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே என் கைபேசி எண். அதில் மட்டும் ஒரு பிழையும் இல்லை.

நான் எழுதிக் கொடுத்தது உலகமயமாதல். அச்சடித்துக் கொடுத்த தம்பியைப் போனில் பிடித்தேன். மாசி மாதம், மேல்மலையனூர் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. பக்தர்களை வரவேற்கும் பேனர்களையே அவன் ராத்திரி பகலாக அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தான். “அக்கா, ‘மய’ன்னு அடிச்சாலே மீதிய கம்ப்யூட்டரே போட்டுக்குது. நானும் பாக்கல. வேல அப்பிடி” என்றான். எனக்கு ஒரு தடவை காட்டிவிட்டு அடித்தால் என்ன கேடு என்று கத்தினேன். “டைம் இல்லக்கா, டென்ஷன் ஆவாதீங்க, ஸ்டிக்கர் ஒட்டிடறேன்” என்றான். சாயங்காலம் வந்து, துணைக்காலையும் ‘ன’வையும் வெள்ளை ஸ்டிக்கரால் மறைத்துவிட்டுப் போனான். பல் விழுந்த வாய் மாதிரி நடுவில் ஓர் இடைவெளியோடு அது நின்றது.

இந்தப் படிப்பைச் செஞ்சிக்குக் கொண்டுவர நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. இங்கே ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். இதே பாடத்தைப் படிக்க நான் ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தது. விடுதியில் சேர்ந்த முதல் வாரம், நான் செஞ்சி என்றதும், “ஓ, கோட்டையா” என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். அந்தத் திரும்பலை நான் மறக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் சனி, ஞாயிறு வகுப்பு மையம் ஒன்று எங்களுக்கும் வேண்டும் என்று எழுதி எழுதிக் கேட்டேன். கடைசியில் அங்கிருந்த அதிகாரி போனில் சொன்னார்: “செஞ்சிக்கு கோட்டை பாக்க வருவாங்க மேடம், இதப் படிக்கவா வருவாங்க? சரி, பதினஞ்சு பேர் சேத்துக் காட்டுங்க. இல்லன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுடணும்.” விட்டுவிடுகிறேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது, பதினைந்து பேர் என்பது எவ்வளவு பெரிய கூட்டம் என்று. கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். இரும்புச் சாமான் கடை பாய் டீ வாங்கிக் கொடுத்து, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். “நம்ம கடையில இருக்கற பூட்டுல பாதி சீனாவுல இருந்து வருது. உலகமே தேடிக்கினு நம்ம கடைக்கு வந்துடுச்சு. நான் எதுக்கு மேடம் அதத் தேடிக்கினு வரணும்?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனால் போகிறதென்று தன் மருமகளைச் சேர்த்துவிட்டார். என் பழைய மாணவர்கள் சிலர் எனக்காகவே சேர்ந்தார்கள். அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், பொது அறிவுக்கு உதவும் என்று சேர்ந்தார்கள். அப்படியும் ஆள் குறைந்ததால்தான் இந்தப் பேனர்.

பேனரும் அழைப்புகளைக் கொண்டுவந்தது, ஆனால் எப்படிப்பட்ட அழைப்புகள். அனந்தபுரத்திலிருந்து ஒருவர், “இதப் படிச்சா கோயில்ல பூசாரி வேலைக்கு எடுத்துக்குவாங்களா?” என்று கேட்டார். இன்னொருவர் பில்லி சூனியம் எடுக்கக் கற்றுத் தருவோமா என்று விசாரித்தார். ஸ்டிக்கர் ஒட்டுவதற்குள் யாரோ படம் எடுத்து வாட்ஸாப்பில் விட்டிருந்தார்கள். கல்லூரி வாசல் டீக்கடைக்காரர், “இன்னா மேடம், உலகத்தையே சுடுகாடு ஆக்கப் போறீங்களாமே” என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் பால் பாத்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவமானமாக இருந்தது. வீட்டுக்குப் போய் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சேர்க்கையின் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குக் கணினியில் பதிவு மூடிவிடும். ஓர் ஆள் குறைவு. ஒரே ஓர் ஆள். கரண்ட் போய் வந்துகொண்டிருந்த அந்த அறையில், தெரிந்தவர்களுக்கெல்லாம் மறுபடியும் போன் போட்டுச் சலித்து உட்கார்ந்திருந்தேன். நாலரை மணி இருக்கும், வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். முப்பது வயது இருக்கலாம். கழுத்தில் நீலப் பட்டை ஒன்று தொங்கியது, கம்பெனிகளில் அடையாள அட்டை மாட்டுவதற்குத் தருவார்களே, அது. அட்டை இல்லை. வீட்டுச் சாவியைக் கோத்திருந்தார்.

“கூட்டு ரோட்டுல போட்டிருக்கற படிப்பு இங்கதான மேடம்?”

உட்காரச் சொன்னேன். ஊர் தொண்டூர் என்றார். அஞ்சல் வழியில் பி.காம். முடித்தவர். எட்டு வருடம் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற வேலை செய்திருக்கிறார். “நடு லைன்ல மூணாவது மிஷினு என்னோடது” என்றார்.

“இப்போ?”

“கம்பெனி இல்ல மேடம். ஆர்டரு வேற நாட்டுக்குப் போயிடுச்சாம். எங்ககிட்ட யாரும் சொல்லல. ஒரு நாள் காத்தால கம்பெனி பஸ்ஸு வரல. நின்னு நின்னு பாத்தோம். பஞ்சர் ஆயிருக்கும்னு நெனச்சோம். மறுநாளும் வரல. அப்பறம் நாங்களே டவுன் பஸ்ஸ புடிச்சிப் போனோம். கேட்டுல பூட்டு தொங்கிச்சு. எப்பவும் மிஷின் சத்தத்துல பேசினா கேக்காது அங்க. அன்னிக்கு காக்கா கத்தறது கேட்டுச்சு.”

சாவியை விரலால் சுற்றிக்கொண்டே மேலும் சொன்னார்: “அப்பறந்தான் உங்க பேனரு. நேத்து காத்துல ஸ்டிக்கரு பிஞ்சி தொங்கிச்சு. அடியில மயானமாதல்னு இருந்துச்சு. சரியா எழுதி இருக்காங்களே, நமக்கு ஆனதத்தான் பாடமா நடத்தறாங்க போலன்னு வந்தேன்.”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நான் பொய் சொல்ல வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு சான்றிதழை வாங்கிப் பதிந்தால் போதும், செஞ்சியில் வகுப்பு வந்துவிடும். அந்த அதிகாரியின் முகத்தில் கரி பூசலாம். ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் ஏற்கெனவே ஒரு முறை யாரும் எதுவும் சொல்லாமல் ஏமாற்றப்பட்டவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் எனக்கு வாய் மூடவில்லை.

“அது அச்சுப்பிழைம்மா. மயானம் இல்ல, மயமாதல். உலகமயமாதல்.”

“அப்பிடின்னா?”

“உலகம் முழுக்க ஒரே சந்தையா ஆவுறது. இங்க தைக்கற ஷூவ வேற நாட்டுல போட்டுக்கறது…”

“அது தெரியும் மேடம். நாங்கதான தெச்சோம்” என்றார். கேலி எதுவும் இல்லை அந்தக் குரலில். “எங்க ஆர்டரு இப்ப எந்த ஊர்ல இருக்குது? அத சொல்லித் தருவீங்களா?”

பாடத்திட்டம் முழுவதையும் மனத்துக்குள் புரட்டினேன். வாணிபக் கோட்பாடுகள் இருந்தன, பன்னாட்டு நிறுவனங்கள் இருந்தன, நாணய மாற்று இருந்தது. நடு லைனில் மூன்றாவது மிஷின் இல்லை.

“பாடத்துல அது இல்ல” என்றேன்.

அவர் எழுந்துவிட்டார். இரண்டு வருட உழைப்பு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறது என்றே தோன்றியது.

“எனக்குத் தெரியாதுதான்” என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. “ஆனா தேடலாம். நீங்களும் நானும் சேந்து தேடலாம்.”

“கெடைக்கலன்னா?”

“கெடைக்கலன்னு எழுதுவோம்.”

மறுபடியும் உட்கார்ந்தார். பிறகு பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேஜைமேல் வைத்தார். சான்றிதழ் நகல்கள், போட்டோ, ஆதார், எல்லாம் தயாராக இருந்தன. கரண்ட் போகாமல் இருக்க வேண்டுமே என்று அங்காளம்மனை வேண்டிக்கொண்டே பதிந்தேன். போகவில்லை. அதிகாரிக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். “பரவாயில்லையே” என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அன்று கடையில் அல்வா வாங்கிக்கொண்டு போனேன்.

வகுப்பு நடந்தது. கடைசியில் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். தொண்டூர்க்காரர், தங்கள் ஆர்டர் போன ஊரைத் தவிர வேறு எதையும் எழுத மறுத்துவிட்டார். தான் தைத்த ஷூவின் நாக்குப் பட்டைக்கு உட்புறம் இருந்த கம்பெனிப் பெயரை நினைவு வைத்திருந்தார். வெளிநாட்டுக் கம்பெனிகள் சில, தங்களுக்குத் தைத்துத் தருபவர்களின் விவரத்தை இணையத்தில் போடுவதுண்டு. அதைப் பிடித்துக்கொண்டு, ஆங்கிலத்தில் அவர் திணறிய இடங்களில் நானும், தையல் விஷயத்தில் நான் திணறிய இடங்களில் அவரும் கைகொடுத்துத் தேடினோம். பல சனிக்கிழமைகள் வெறும் கையோடு எழுந்திருக்கிறோம்.

ஒரு ஞாயிறு மதியம், ஆர்டர் போன இடம் கிடைத்தது. கடலுக்கு அப்பால், நான் வரைபடத்தில் மட்டுமே பார்த்திருந்த ஓர் ஊர். அங்குள்ள தொழிற்சாலையின் இணையப் பக்கத்தில் ஒரு புகைப்படம் இருந்தது. தலையில் நீலத் துணி கட்டிய பெண்கள் வரிசையாகக் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் என் கைபேசியை வாங்கி, படத்தை விரலால் பெரிதாக்கினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவருடைய இடத்தில் நான் இருந்தால் திட்டியிருப்பேன்.

நடு வரிசைக்குப் படத்தை நகர்த்தினார். ஒன்று, இரண்டு என்று விரல் வைத்து, மூன்றாவது மிஷினில் நிறுத்தினார். சின்னப் பெண், இருபதுகூட இருக்காது. அந்த முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தப் பொண்ணுக்குக் காத்தால பஸ்ஸு வருதா மேடம்?” என்று கேட்டார்.

“வரும்னுதான் நெனைக்கறேன்.”

“வரட்டும்” என்றார்.