ஆட்டுக்காரம்மாவின் பெயர்

எழுபதுகளின் தொடக்கத்தில் விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்ட உள்ளூர்க்காரர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டிப் பள்ளி வாசலில் வைக்கப்போவதாக பஞ்சாயத்து யூனியன் ஆபீசிலிருந்து தகவல் வந்தது. பட்டியல் எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. சிறை சென்றதற்குச் சான்று வைத்திருந்தவர்கள் பத்துப் பேர். பத்துப் பேரும் ஆண்கள். எனக்கு அதில் எந்த உறுத்தலும் இல்லை.

பட்டியலை முடித்த அன்று, ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் பள்ளிக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். இடது மணிக்கட்டு கோணலாக இருந்தது.

"டீச்சர், வெள்ளைக்காரன் காலத்துல போலீஸ்ட்ட அடிபட்டவுக பேரையும் எழுதுதீங்களா?"

"ஜெயிலுக்குப் போனீங்களாம்மா?" என்றேன். இல்லையென்று தலையாட்டினார். "அப்படின்னா சேர்க்க முடியாதும்மா" என்று சொல்லிவிட்டு நோட்டுத் திருத்த ஆரம்பித்துவிட்டேன். அவர் திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள், பட்டியலில் முதலில் இருந்த, விவசாயம் பார்க்கும் சம்சாரியிடம் அதைக் காட்டப் போனேன். அவர் இரண்டு தடவை வாசித்தார். "ஆட்டுக்காரம்மா பேரை எங்க காணோம்?" என்றார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் அவரும் கூட்டாளி ஒருவரும் போலீசுக்குத் தப்பிப் பருத்திக்காட்டு வழியே ஓடியிருக்கிறார்கள். ஈரக் கரிசலில் காலடி ஒவ்வொன்றும் பள்ளமாகப் பதிந்துவிட்டது. அதைப் பார்த்த இந்த அம்மா, தன் ஆடுகளை அந்தத் தடத்தின் மேலேயே ஓட்டிக் கலைத்துவிட்டார். போலீஸ் லத்தியால் அடித்துக் கேட்டது. கை ஒடிந்த பிறகும் அவர் வாயைத் திறக்கவில்லை.

"நான் பெறகு வேற ஊர்ல மாட்டி ஜெயிலுக்குப் போனேன். அன்னைக்கே மாட்டியிருந்தா உயிரோட திரும்பியிருப்பனோ என்னமோ," என்றார் அவர்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த அம்மாவையும் சேர்க்கச் சொல்லி மனு எழுத உட்கார்ந்தால், அவர் பெயர் சம்சாரிக்கும் தெரியவில்லை. ஊரே ஆட்டுக்காரம்மா என்றோ, புருஷன் பெயரைச் சொல்லியோதான் அவரைக் கூப்பிட்டிருக்கிறது. காட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டு, பெயரையும் கேட்டேன்.

"அன்னைக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் டீச்சர்," என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது. பிறகு தன் பெயரைச் சொன்னார்.

அந்தச் சம்சாரி என்னோடு பஸ் ஏறி யூனியன் ஆபீசுக்கே வந்தார். "ஜெயில் சான்று இல்லாம எப்படி?" என்று தயங்கினார் அதிகாரி. "நான் உயிரோட இருக்கேன்லா, எழுதித் தாரேன்," என்றார் இவர். அன்று அவரோடு ஓடிய கூட்டாளியும் மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தார். அதிகாரி மனுவை நிதானமாகப் படித்துவிட்டு, பதினோராவது பெயரைத் தன் கையாலேயே பட்டியலில் எழுதினார்.

கல் திறந்த அன்று அந்த அம்மா புதுச்சேலை கட்டி வந்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. அவர் விரலைப் பிடித்து எழுத்துகளின் மேல் வைத்தேன். மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

"நாலே எழுத்தா? நான் பெருசா இருக்கும்னுல்லா நெனச்சேன்," என்று சிரித்தார். சுற்றி நின்ற நாங்களும் சிரித்துவிட்டோம். பிறகு ஒரு முறை தானே விரலை வைத்து, தன் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்.

அன்றிலிருந்து யார் வந்து எதைக் கேட்டாலும், முடியாது என்று சொல்வதற்கு முன்னால், "என்ன நடந்தது, சொல்லுங்க" என்று கேட்டுவிடுகிறேன்.