ஒளிந்துகொண்ட கொதிப்பு

ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டும் தொழிலாளியாக இருந்துவிட்டு, இப்போது ஜெலாப்பாங் வட்டாரத் தொழிற்சாலையொன்றில் காவலாளியாக இருப்பவர் அவர். ஈப்போவிலுள்ள என் கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் அவருடைய இரத்தக் கொதிப்பு எகிறியிருக்கும். நானும் திட்டிக்கொண்டே மருந்தைக் கூட்டுவேன். வீட்டில் தலை சுற்றுகிறது என்பார்.

ஒருநாள் கூட வந்த மனைவி போட்டு உடைத்தார்: "இங்க வர்ற அன்னிக்கு மட்டும் மருந்து சாப்பிடமாட்டாரு டாக்டர்."

"சாப்பிட்டா நோய் ஒளிஞ்சிக்கும்லா. அப்புறம் டாக்டர் எதைப் பாப்பாரு?" என்றார் அவர்.

எனக்கே கொதிப்பு ஏறியது. தலை சுற்றவைத்த மருந்தைக் குறைத்துக் கொடுத்து, "இனி சாப்பிட்டுட்டுத்தான் வரணும்!" என்று கத்தி அனுப்பினேன்.

அடுத்த முறை அப்படியே வந்தார். கொதிப்பு கச்சிதமாக இறங்கியிருந்தது. பெருமையோடு கருவியைத் திருப்பிக் காட்டினேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நான்தான் அப்பவே சொன்னேன்லா டாக்டர். பாருங்க, ஒளிஞ்சிக்கிச்சு."