விழாமல் நின்றவர்

என் கணவர் சிபோவின் இடது கால் நடக்கும்போது இழுபடத் தொடங்கியது. சுவிஸின் பீல் ரயில் நிலையப் படிகளில் அது உரசும் சத்தத்தை முதலில் கேட்டபோது, காலில் போட்ட சப்பாத்துப் பெரிது என்று நினைத்தேன். ஒரு மாதத்தில் பேச்சும் குழறியது.

சிபோ தென்னாபிரிக்காவின் முன்னாள் குத்துச்சண்டைச் சாம்பியன். நான்கு தடவை பட்டத்தைக் காத்து, ஐந்தாவதில் புள்ளிகளில் இழந்தார். பிறகு ஒரு போட்டிக்காகச் சுவிஸ் வந்தவர், என்னை மணந்து, இங்கேயே சில ஆண்டுகள் சண்டையிட்டபின் பயிற்சியாளராகிவிட்டார்.

"எத்தனை தடவை அடிபட்டு மயங்கி விழுந்தீர்கள்?" என்று நரம்பியல் மருத்துவர் கேட்டார்.

"ஒருதடவையும் இல்லை." அவர் குரலில் பெருமை இருந்தது.

"விழுந்தவருக்குச் சண்டை அதோடு முடிந்துவிடும். நீங்கள் கடைசிவரை நின்று அடி வாங்கியிருக்கிறீர்கள்."

பார்க்கின்சனிசம் (உடல் இறுகி, நடுங்கி, அசைவு மெதுவாகும் நிலை) என்றார். மாத்திரை இறுக்கத்தைத் தளர்த்தும், நோயை மாற்றாது. இனித் தலையில் ஓர் அடியும் படக்கூடாது.

அவர் விழாமல் நின்றபோதெல்லாம் கைதட்டியவள் நான். அதை எழுதாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

ஆரா நகரிலிருந்து என் அண்ணன் வந்தார். சுவரில் தொங்கிய சாம்பியன் இடுப்புப்பட்டியைக் காட்டி, "உந்த விளையாட்டுத்தான் இவரை அழிச்சது. கழட்டி உள்ளுக்கை வை, தங்கச்சி," என்றார்.

"இல்லை அண்ணை. அது அவர் உழைச்சது. அங்கைதான் இருக்கும்."

இயன்முறைச் சிகிச்சை தந்த பெண் ஒருநாள் குத்துப் பயிற்சி மெத்தைகளைக் கையில் மாட்டிக்கொண்டு வந்தார். அடி வாங்காமல் அடிப்பது இந்த நோய்க்கு நல்ல பயிற்சி என்றார். சிபோவின் முதல் குத்து காற்றில் போனது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான்காவது குத்து மெத்தையில் வெடித்தது. உடனே சிபோ, அந்தப் பெண்ணின் கால் நிலை பிழை என்று திருத்தத் தொடங்கிவிட்டார்.

இப்போது வியாழக்கிழமைகளில் இதே நோயுள்ள ஆறு பேர் சிபோவிடம் குத்துச்சண்டை பழகுகிறார்கள். "தாடையைக் கீழே வை!" என்று குழறும் குரலில் அதட்டுகிறார். ஓய்வுபெற்ற தபால்காரி ஒருத்தி திருப்பி அதட்டுகிறாள். உங்கள் வீட்டிலும் இந்நோய் இருந்தால், மருத்துவரிடம் கேட்டுவிட்டு இந்தப் பயிற்சியைத் தொடங்குங்கள்.

இன்று காலை சட்டைப் பொத்தானுக்கு நான் கை நீட்டினேன்.

"விடும், நான் போடுறன்," என்றார், என்னிடம் கற்ற தமிழில்.

மூன்று நிமிடத்தில் ஒரு சுற்றுச் சண்டையை முடித்தவருக்கு ஏழு பொத்தான்களுக்குப் பத்து நிமிடம் ஆனது. எங்கள் பஸ் போய்விட்டது. நான் கைப்பையை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கடைசிப் பொத்தானையும் பூட்டி, கழுத்துப்பட்டையை நிமிர்த்திவிட்டு, வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.

"வெளிக்கிடுவமோ?"