காற்றாடியில் சுற்றிய சவுரிமுடி

1. போட்டாலும் வில்லங்கம், நிறுத்தினாலும் வில்லங்கம்

அன்று காலை எங்களுக்கு வந்த சிக்கல் இதுதான். வண்டியைச் சூடாக்குகிற சோஃபாஜைப் போட்டால் அதன் இரைச்சலில் மணப்பெண்ணுக்குத் தாயின் குரல் கேட்காது. நிறுத்தினால் குளிரில் அவள் நடுங்குவாள். நடுங்குகிற முகத்தில் கண்ணுக்கு மை தீட்ட எந்தக் கெட்டிக்காரியாலும் முடியாது.

நான் பாரிஸின் லா ஷப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில், மணப்பெண் அலங்காரக் கடை வைத்திருந்தவள். இப்போது ஓய்வு. தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் மேக்கப்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். முகத்துக்குப் பூசுவதைக் கைபேசியில் பார்த்தே படித்துவிடலாம். நான் சொல்லப்போவது சோஃபாஜுக்குள் சூட்டை ஊதித் தள்ளுகிற புளோவரைப் பற்றி. சிரிக்காமல் கேளுங்கள்.

எங்கள் கலியாணங்கள் நடக்கிற மண்டபங்கள் பலவற்றில் பெண்ணை உடுத்தி வெளிக்கிடுத்த ஒழுங்கான அறை கிடையாது. சோடாப் பெட்டிகளுக்கும் அடுக்கி வைத்த கதிரைகளுக்கும் நடுவில் நின்று நான் கூறைச் சேலை உடுத்திவிட்டிருக்கிறேன். ஒருமுறை சமையல்காரர் கத்தரிக்காய்க் கூடையோடு உள்ளே வந்துவிட்டார். அன்றைக்கே முடிவெடுத்தேன். கட்டிலும் அடுப்புமாகப் பயணம் போகிற பழைய கம்பிங்-கார் வண்டி ஒன்றை வாங்கி, கட்டிலைக் கழற்றிவிட்டு, கண்ணாடியும் சுழல்கதிரையும் பூட்டினோம். மண்டபத்து வாசலில் நிறுத்தினால் அதுதான் பெண்ணின் அறை.

"எங்களுக்கு ஒரு வீடு வாங்கச் சொன்னால், நீ சில்லு வைச்ச வீடு வாங்கியிருக்கிறாய்" என்றார் ரஞ்சி மச்சாள். மச்சாள் என் கணவரின் அக்கா. சட்டை தைப்பவர். வாய் ஓயாதவர். நான் பொட்டு வைத்தால் ஒரு கருத்து, பூ வைத்தால் ஒரு கருத்து. அந்தப் பெரிய வண்டியைப் பாரிஸ் புறநகரான திரான்சியின் ஒடுங்கிய தெருக்களில் பின்பக்கமாக ஓட்டி நிறுத்துகிறவரும் அவர்தான். அதனால் கருத்துகளை நான் சகித்துக்கொண்டேன்.

2. அபிராவின் அம்மா

மணப்பெண் பெயர் அபிரா. கலியாணத்துக்காக யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருந்து தனியாக வந்தவள். அவள் பக்கத்தில் இங்கே இருந்தது தூரத்து மாமா ஒருவர் மட்டும். தாய்க்கு விசா கிடைக்கவில்லை.

கலியாணத்துக்கு முதல் கிழமையே அந்தத் தாய் எனக்கு வீடியோவில் அழைத்தார். "தங்கச்சி, மண்டபத்துக்குள்ளை மேளமும் சனமுமா இருக்கும். அங்கை நான் கதைக்கேலாது. பிள்ளையை வெளிக்கிடுத்தேக்கை மட்டும் நான் பக்கத்திலை இருக்கிற மாதிரிச் செய்து தருவீங்களோ? வேறை ஒண்டும் வேண்டாம்."

"அதெல்லாம் வடிவாச் செய்யலாம் அக்கா" என்று நான் பெரிய மனுசி மாதிரி வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கலியாணம் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, திரான்சியில். காலையில் சோஃபாஜைப் போட்டோம். போன கிழமை லேசாக முனகிய புளோவர், அன்று தகரத்தை நகத்தால் சுரண்டுகிற மாதிரிக் கத்தியது. கதவைச் சாத்தினால் இன்னும் மோசம். கைபேசியில் தாயின் உதடு மட்டும் அசைந்தது.

"கேக்குதோ பிள்ளை?"

"அம்மா, கேக்கேல்லை. என்ன சொல்றீங்கள்?"

இயர்போன் போடலாமே என்று கேட்பீர்கள். காதில் தோடு, ஜிமிக்கி, அதைத் தலையோடு இழுத்துக் கட்டுகிற மாட்டல். அதற்குள் எங்கே செருகுவது? பெண்ணுக்குக் கேட்டாலும் தாய்க்குப் போய்ச்சேர்வது எங்கள் பக்கத்து இரைச்சல்தான். மண்டபத்துக்காரரும் கரண்டை வெளியே இழுக்க விடவில்லை, இல்லாவிட்டால் சின்ன மின்சார சோஃபாஜ் ஒன்றை வைத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கராஜும் திறக்காது.

நிறுத்திப் பார்த்தோம். சத்தம் போனது, சூடும் போனது. மேல்கோட்டுக்குள் அபிராவின் பற்கள் கிடுகிடுத்தன. தாய் அதைப் பார்த்துவிட்டார்.

"முதல்லை பிள்ளைக்குச் சூட்டைப் போடுங்கோ. என்னை விடுங்கோ. என்ரை கதை பிறகு பாப்பம்" என்று சொல்லி அவரே அழைப்பைத் துண்டித்தார்.

அபிரா அழவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடி, "பரவாயில்லை அக்கா, சோஃபாஜைப் போடுங்கோ" என்றாள். நான் சோஃபாஜைப் போடாமல் மச்சாளைப் பார்த்தேன்.

3. தையல் பெட்டி

மச்சாள் கோட்டைக் கழற்றினார். "நீ தலையைக் கட்டு. தலைக்குச் சூடு தேவையில்லை. உந்தச் சோஃபாஜை நான் பாக்கிறன்."

"மச்சாள், அது காஸ். விளையாட்டு இல்லை."

"காஸிலை ஆர் கை வைக்கப் போறது? சத்தம் நெருப்பிலை இருந்து வரேல்லை, காத்தாடியிலை இருந்து வருது. பேசாமல் இரு."

சும்மா சொல்லக்கூடாது, மனுசி அதை எவ்வளவு ஒழுங்காகச் செய்தார். முதலில் காஸ் போத்தலை வெளியே போய் மூடினார். சோஃபாஜ் ஆறும்வரை காத்திருந்தார். பன்னிரண்டு வோல்ட் பியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டார், வேறு யாரும் திரும்பப் பூட்டக்கூடாது என்று. கழற்றுமுன் வயர்களைக் கைபேசியில் படம் எடுத்தார். நெருப்பு எரிகிற மூடிய பெட்டியைத் தொடவே இல்லை. அதற்குப் பக்கத்தில் தனியாகப் பூட்டியிருந்த புளோவரை மட்டும் திருகாணி கழற்றி எடுத்தார். கழற்றிய ஆணிகளை வரிசை மாறாமல் என் பஞ்சுத்தட்டில் வைத்தார்.

குருவிக் கூடு மாதிரி ஒன்று வெளியே வந்தது. புளோவர் காற்றை இழுக்கிற துவாரம், நான் பெண்களை இருத்தித் தலை கட்டுகிற கதிரைக்கு நேர் கீழே இருந்திருக்கிறது. வருடக்கணக்காகச் சடைக்கு வைக்கிற சவுரிமுடி உள்ளே போய், அச்சில் நூல்கட்டை மாதிரிச் சுற்றியிருந்தது. தலைமுடி நிற்க நான் அடிக்கிற ஸ்பிரேயும் முகப்பவுடரும் சேர்ந்து காற்றாடித் தகடுகளில் பசைபோல இறுகிக் கிடந்தன. வேறெந்தக் கம்பிங்-காரிலும் இந்த நோய் வந்திருக்காது. அது எங்கள் தொழிலின் நோய்.

"இஞ்சை பார் வதனி, நீ வெளிக்கிடுத்தின பொம்பிளையள் எல்லாரும் உதுக்குள்ளை இருக்கினம்" என்றார் மச்சாள். அபிரா அன்று முதல்தடவையாகச் சிரித்தாள்.

தையல் பிரிக்கிற சின்னக் கத்தியால் அச்சில் சுற்றிய முடியை அறுத்து அறுத்து உருவினார். தையல் மெஷினோடு வருகிற ஆறுமூலைச் சாவியால் காற்றாடிச் சில்லைக் கழற்றினார். என் ஷாம்புவைச் சுடுதண்ணீரில் கரைத்து, பழைய பற்தூரிகையால் ஒவ்வொரு தகடாகத் தேய்த்தார். தகடொன்றில் ஒரு இரும்புக் கிளிப் இருந்தது. "உன்ரை கிளிப் இதுக்குள்ளையும் வந்திட்டுது" என்று பிடுங்கி என் ஊசித்தட்டில் எறிந்தார். துடைத்துக் காயவைத்து, அச்சுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டுத் திரும்பப் பூட்டினார்.

நான் அதற்குள் பின்னலில் சடைநாகத்தைப் பூட்டி முடித்திருந்தேன். போட்டோம். சுரண்டல் போய்விட்டது. ஆனால் இப்போது வண்டியே அதிர்ந்தது. கண்ணாடிக்கு முன்னால் இருந்த லிப்ஸ்டிக்குகள் நடந்து போய்க் கீழே விழுந்தன.

மச்சாள் குனிந்து புளோவரில் காதை வைத்துக் கேட்டார்.  முகூர்த்தத்துக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாமா வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனார்.

மை தீட்டுமுன் கன்னத்து மயிரை ஒதுக்கக் கொண்டை ஊசியொன்று எடுக்கத் தட்டைப் பார்த்தேன். என் ஊசிகளைக் கண்ணை மூடிக்கொண்டே எனக்குத் தெரியும். அந்த இரும்புக் கிளிப் மட்டும் தடித்தது, வளையாது, முடியைப் பிடிக்கவும் பிடிக்காது.

"மச்சாள், இது என்ரை இல்லை."

அவர் அதை வாங்கி விரல்களுக்கிடையில் உருட்டினார். பிறகு தன் நெற்றியில் தானே ஒரு தட்டுத் தட்டினார். "கார்ச் சில்லுக்கு ஈயக்கட்டி அடிக்கிறவங்களெல்லோ, ஆடாமல் சுத்தோணும் எண்டு? உது அந்தச் சாமான். நான்தான் பிடுங்கி எறிஞ்சனான்."

மறுபடியும் காஸ், மறுபடியும் ஆற விட்டுப் பியூஸ், மறுபடியும் ஆணிகள். எந்தத் தகட்டில் இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மேக்கப்புக்கு நான் பிடிக்கிற வட்ட விளக்கைச் சில்லின்மேல் பிடித்தேன். மச்சாள் நகத்தால் ஒவ்வொரு தகட்டின் விளிம்பாகத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நகம் நின்றது. கிளிப் கடித்த கீறல் அங்கே பளபளத்தது. அதே இடத்தில் அழுத்திப் பூட்டினார்.

போட்டோம். முதலில் ஓடவில்லை என்றே நினைத்தேன். கையை நீட்டினால் சூடு வந்தது.

4. இப்ப

அபிரா தாயை அழைத்தாள். அவர் அந்தப் பக்கம் பட்டுச்சேலையோடு கைபேசியை மடியில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். உடனே எடுத்தார்.

"சூடு வந்திட்டுதோ பிள்ளை?"

"வந்திட்டுதம்மா. நீங்கள் கதைக்கிறது கேக்குது."

அதற்குப் பிறகு இருவரும் என்ன பெரிதாகப் பேசினார்கள்? இரவு நித்திரை கொண்டாயா, வயிற்றுக்குள் ஏதாவது போட்டாயா, மாப்பிள்ளையின் தாய் நல்லமாதிரியா. குரலை உயர்த்தாமல், அடுத்தடுத்த கதிரையில் இருக்கிறவர்கள் போலப் பேசினார்கள். நான் கூறை உடுத்திவிட்டு, முகத்தை முடித்துப் பொட்டுக்கு வந்தபோது தாய் கேட்டார்.

"தங்கச்சி, பொட்டை நான் சொல்லேக்கை வைப்பீங்களோ?"

நான் விரலில் குங்குமத்தோடு காத்திருந்தேன். அவர் தன் விரலைக் கொண்டுவந்து அங்கே கமராவுக்குக் கிட்டப் பிடித்தார். எங்களுக்குத் தெரிந்தது ரேகை மட்டுந்தான்.

மெதுவாக, "இப்ப" என்றார்.

வைத்தேன். எத்தனையோ பெண்களுக்குப் பொட்டு வைத்திருக்கிறேன். ஒரு தாய் நேரம் சொல்லி நான் வைத்தது அன்று ஒருநாள்தான்.

"அந்தச் சத்தத்தை நிப்பாட்டினது ஆர்?" என்று தாய் கேட்டார். நான் கைபேசியை மச்சாள் பக்கம் திருப்பினேன். கையெல்லாம் கறுப்பு, முகத்தில் பவுடர். தாய் இரண்டு கைகளையும் கூப்பினார். எதற்கும் கருத்துச் சொல்கிற என் மச்சாள், "நீங்கள் பிள்ளையோடை கதையுங்கோ தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து குளிருக்குள் இறங்கிப்போனார். அந்த மனுசியை அன்றைக்குப்போல நான் என்றைக்கும் மதித்ததில்லை.

கற்றுக்கொண்டது என்ன என்று கேட்டால் இதுதான் சொல்வேன். கம்பிங்-காரில் அலங்காரம் செய்யப் போகிறவர்கள் காற்று இழுக்கிற துவாரத்துக்கு மெல்லிய வலை கட்டுங்கள், கலியாணத்துக்குக் கலியாணம் அதைக் கழுவுங்கள். காஸ் பக்கத்தைத் தெரிந்தவரிடம் விடுங்கள். பெண் வந்து ஏறுமுன் சோஃபாஜைப் போட்டு, கதவைச் சாத்தி, உங்களோடு வருகிறவரிடம் மெல்லிய குரலில் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அது அவருக்குக் கேட்டால் சீப்பை எடுக்கலாம்.